தலையணை ஐயா

ஜனவரி 11

அன்புள்ள அக்காவுக்கு,

பன்னு எழுதுவது. நீயும் மாமாவும் சௌக்கியமா? மாமாவின் முட்டிவலி தேவலையா? இங்கே உன் தம்பி மனைவி நன்றாக இருக்கிறாள். நான்தான் சுமார்.

என்னடா இவன் கடிதமெல்லாம் எழுதுகிறான் என்று பதறிவிடாதே. போனைக் காதில் வைத்தால் ஒரு இரைச்சல் வந்து உட்கார்ந்துகொள்கிறது. நீ கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி இருக்கிறது. போன தடவை நீ பேசிக்கொண்டிருக்கும்போதே வைத்ததற்கு அதுதான் காரணம், கோபமெல்லாம் இல்லை. செல்லில் எழுதி அனுப்பினால் பதிலுக்கு ஒரு கட்டைவிரலைக் காட்டிவிட்டு உன் வேலையைப் பார்க்கப் போய்விடுவாய். காகிதம் என்றால் உட்கார்ந்து படிப்பாய்.

விஷயத்துக்கு வருகிறேன். ரொட்டிக் கம்பெனியில் எனக்கு விடிகாலை ஷிப்ட். ஊர் பல் தேய்க்கும்போது நான் ஓவனில் பாதி வேலையை முடித்திருப்பேன். மத்தியானம் வந்து படுத்தால் அதுதான் எனக்கு ராத்திரி. அந்தத் தூக்கத்தில்தான் யாரோ கைவைத்துவிட்டார்கள். தலை சாய்த்த உடனே 'உம்ம்ம்' என்று ஒரு சத்தம். ஏறாது, இறங்காது, நிற்காது. ஃப்ரிட்ஜை அணைத்துப் பார்த்தேன். மாடிக்கும் சேர்த்து மெயினையே அணைத்துப் பார்த்தேன். அது பாட்டுக்கு இருக்கிறது.

உன் தம்பி மனைவியைக் கூப்பிட்டு, "கேக்குதா?" என்றேன். "என்னது?" என்றாள். "உம்முன்னு ஒண்ணு." "நீங்கதான் ரெண்டு வாரமா உம்முன்னு இருக்கீங்க" என்று சொல்லிவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டாள்.

மாடியில் ஒரு தையல்காரி குடியிருக்கிறாள். பள்ளிக்கூடச் சீருடை தைக்கிறவள். மோட்டார் வைத்த மிஷின். எனக்கு அங்கேதான் சந்தேகம். நீ காது பார்க்கிறவளாயிற்றே, ஒரு வழி சொல்லேன்.

உன்
பன்னு


ஜனவரி 20

பன்னுவுக்கு அக்காவின் ஆசிகள்.

நாங்கள் நலம். மாமாவின் முட்டியும் மாமா மாதிரிதான், சொன்னால் கேட்பதில்லை.

வழி கேட்டாய், சொல்கிறேன். கோளாறு மாடியில் இல்லை, உன் காதில். வருஷக்கணக்காக ஓவனுக்குப் பக்கத்தில் அந்த ராட்சச மின்விசிறியின் அடியில் நிற்கிறாய். பஞ்சு வைத்துக்கொள் என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன்? மெயினை அணைத்தும் சத்தம் நிற்கவில்லை என்று நீயே எழுதியிருக்கிறாய். அப்புறம் அந்த மோட்டார் எதில் ஓடுகிறது, அவள் மூச்சிலா?

லீவு போட்டுவிட்டு வா. இங்கே சத்தம் புகாத அறை இருக்கிறது. உள்ளே உட்கார வைத்து ஹெட்ஃபோனை மாட்டிவிட்டு, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து நான் பேசுவேன். கேட்டால் பொத்தானை அமுக்க வேண்டும், அவ்வளவுதான். குழந்தைகள்கூடச் செய்கிறார்கள்.

சின்ன வயதில் கட்டிலுக்கு அடியில் ஆள் இருக்கிறான் என்று வீட்டையே எழுப்பினாயே, ஞாபகம் இருக்கிறதா? கடைசியில் அது உன் செருப்பு. மாமாவிடம் உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன், வயிறு வலிக்கச் சிரித்தார். மாடியில் இருப்பவளிடம் போய் ஏதாவது கேட்டு மானத்தை வாங்காதே.

தம்பி மனைவியை விசாரித்ததாகச் சொல்.

அக்கா


பிப்ரவரி 6

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உங்கள் நலமும் விசாரித்தேன்.

செருப்புக் கதையை இன்னும் எத்தனை வருஷத்துக்குச் சொல்வாய்? எனக்குத் தலை நரைக்கத் தொடங்கிவிட்டது. மாமா சிரித்தார் என்று எழுதியிருக்கிறாய். சந்தோஷம்.

நீ கவலைப்பட வேண்டாம், எனக்கு ஆட்கள் கிடைத்துவிட்டார்கள். கம்பெனியில் லாரி ஓட்டுகிற ஒருவர் சொல்லி, செல்லில் ஒரு குழுவில் சேர்ந்திருக்கிறேன். 'காதுள்ளவர்கள்' என்று பெயர். எல்லோருக்கும் இதே சத்தம். வாத்தியார், நர்ஸ், கப்பலில் வேலை பார்த்தவர் என்று விதவிதமானவர்கள். நான் எழுதிய முதல் நாளே எத்தனை பேர் "உங்களை நம்புகிறோம்" என்று பதில் போட்டார்கள் தெரியுமா? படித்துவிட்டு அழுதுவிட்டேன். அதையும் மாமாவிடம் சொல்லிச் சிரி.

அவர்கள் கண்டுபிடித்து வைத்திருப்பதைக் கேட்டால் நீயே அசந்துபோவாய். ஒவ்வொரு சத்தத்துக்கும் பக்கத்திலேயே ஒரு 'அனுப்புகிறவர்' உண்டு. அவர் வீட்டில் இல்லாதபோது சத்தம் நின்றால் அது சாட்சி. நிற்காவிட்டால் ஓடவிட்டுப் போயிருக்கிறார் என்று அர்த்தம், அதுவும் சாட்சி. மெயினை அணைத்தும் நிற்காதது ஏன் என்று கேலி செய்தாயே, பேட்டரி என்று ஒன்று இருப்பது உனக்குத் தெரியாதா?

சத்தம் கேட்காதவர்களை அங்கே 'செவிடுகள்' என்போம். டாக்டரிடம் போ என்று யாராவது சொன்னால் உடனே வெளியே அனுப்பிவிடுவார்கள். சேரும்போதே, உன் சத்தம் எப்படி இருக்கும் என்று கேட்பார்கள். சரியாகச் சொன்னால்தான் உள்ளே விடுவார்கள். ஆக, அங்கே இருப்பவர்கள் எல்லோரும் உண்மையிலேயே கேட்கிறவர்கள். நீ தப்பாக நினைக்காதே, நீ ஒரு நல்ல செவிடு.

உன் தம்பி


பிப்ரவரி 27

அன்புள்ள தம்பி மனைவிக்கு,

அக்கா எழுதுவது. நலமா? இஸ்திரி மேடையில் நின்று நின்று கால் வீங்குகிறது என்றாயே, இப்போது எப்படி? வீட்டுக்கு எழுதினால் அவன் கண்ணில் படும், அதனால் உன் லாண்டரி விலாசத்துக்கு அனுப்புகிறேன்.

அவனுடைய கடிதத்துக்கு நான் பதில் போடவில்லை. நான்கு தடவை தொடங்கினேன். எப்படித் தொடங்கினாலும் மூன்றாவது வரியில் அவனைத் திட்டிக்கொண்டிருக்கிறேன். அதனால் வேறொன்று செய்துவிட்டேன். அவனிடம் சொல்லாதே. அந்தக் குழுவில் நானும் சேர்ந்துவிட்டேன்.

உள்ளே போய் மெல்ல மெல்லப் பேசி அவனை வெளியே கூட்டிக்கொண்டு வந்துவிடலாம் என்பதுதான் எண்ணம். புனைபெயர் கேட்டது. மடியில் தலையணை இருந்தது, 'தலையணை' என்று போட்டேன். அடுத்து, 'உங்கள் சத்தம் எப்படி இருக்கும்?' என்று கேட்டது. எனக்கு ஏது சத்தம்? காது சோதிக்க வருகிறவர்கள் சொல்வதையெல்லாம் யோசித்துப் பார்த்தேன். வண்டு, மிக்ஸி, சங்கு, எல்லாம் பொய்யாகப் பட்டது. கடைசியில் கை தானாக எழுதியது: 'மூக்குப்பாட்டு மாதிரி.'

உனக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை. எங்கள் அப்பா சவரம் செய்யும்போதும் சட்டைக்குப் பொத்தான் தைக்கும்போதும் வாயை மூடிக்கொண்டு மூக்காலேயே ஏதோ முனகுவார். அதற்கு நானும் பன்னுவும் வைத்த பெயர் மூக்குப்பாட்டு. அப்புறம் தண்ணீர் மோட்டார், மின்விசிறி, எது முனகினாலும் எங்களுக்கு மூக்குப்பாட்டுதான். அனுப்பிய பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். இனி என்ன, பார்த்த உடனே கண்டுபிடித்துவிடுவான். பிடிக்கட்டும், ரெண்டு பேரும் சிரித்துவிட்டுப் போகிறோம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணி


மார்ச் 9

அன்புள்ள அக்கா,

நலமா? பதில் போடாமல் முறுக்கிக்கொண்டு இருக்கிறாய், பரவாயில்லை. நான் சொல்லப்போவதைக் கேட்டால் கோபமெல்லாம் பறந்துவிடும்.

குழுவுக்குப் புதிதாக ஒருவர் வந்திருக்கிறார். 'தலையணை' என்று பெயர் வைத்துக்கொண்டிருக்கிறார், பேரைப் பார்! பேச்சில் அப்படி ஒரு நிதானம். ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியராக இருக்கும் என்று நினைக்கிறேன். நான் தலையணை ஐயா என்றுதான் கூப்பிடுகிறேன். அவர் தன் சத்தத்தைப் பற்றி என்ன எழுதினார் தெரியுமா? மூக்குப்பாட்டு!

டீ டம்ளர் கையிலிருந்து நழுவிவிட்டது அக்கா. அது நம் வீட்டு வார்த்தை. நீ, நான், அப்பா. அம்மாகூட அப்படிச் சொன்னதில்லை. எங்கேயோ இருக்கிற முன்பின் தெரியாத ஒரு பெரியவருக்கு அதே வார்த்தை வருகிறது என்றால் என்ன அர்த்தம்? சத்தம் அப்படியே, அச்சு அசலாக, இருக்கிறது என்றுதானே அர்த்தம்? இதற்கு மேல் ஒரு சாட்சி வேண்டுமா? இதை நான் குழுவில் எழுதியதும் எல்லோருக்கும் புல்லரித்துவிட்டது. இப்போது அங்கே யாருமே சத்தம் என்று சொல்வதில்லை, மூக்குப்பாட்டு என்றுதான் சொல்கிறார்கள். அப்பா இருந்தால் எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பார்!

ஐயா தினமும் என்னைத் தனியாக விசாரிக்கிறார். "தம்பி, சாப்பிட்டீர்களா? இன்று கொஞ்சமாவது தூங்கினீர்களா?" அவ்வளவுதான் கேட்கிறார். நான் பத்தி பத்தியாகக் கொட்டுகிறேன். குறுக்கே பேசுவதில்லை.

வீட்டுக்காரரிடம் தையல்காரியைப் பற்றி எழுதிக் கொடுத்துவிட்டேன். குழுவில் மாதிரி மனு வைத்திருக்கிறார்கள், பேரை மட்டும் மாற்றினால் போதும்.

மாமாவுக்கு வணக்கம்.

உன் பன்னு


மார்ச் 24

பன்னுவுக்கு அக்காவின் அன்பு.

நாங்கள் சுகம். இங்கே வெயில் தொடங்கிவிட்டது. சோதனை அறையில் ஏசி வேலை செய்யவில்லை, வருகிறவர்கள் ஹெட்ஃபோனுக்குள் வியர்த்துப்போகிறார்கள்.

உன் கடிதம் கிடைத்தது. தலையணை என்பவரைப் பற்றி எழுதியிருந்தாய். மூக்குப்பாட்டு என்ற வார்த்தை நம் வீட்டில் மட்டும்தான் இருந்தது என்று எப்படிச் சொல்ல முடியும்? மூக்கு எல்லோருக்கும் இருக்கிறது. முகம் தெரியாத ஒருவரை இந்த அளவுக்கு நம்புவது

இந்த இடத்தில் ஒன்றரை வரி அடித்திருக்கிறேன். பேனா கொட்டிவிட்டது, வேறொன்றும் இல்லை.

தையல்காரி விஷயத்தில் அவசரப்படாதே. ஒரு பெண், தனியாக, நாலு காசு சம்பாதித்துப் பிழைக்கிறாள். எழுதிக் கொடுத்ததைத் திரும்ப வாங்கிக்கொள். ஒரு நாள் இங்கே வந்துவிட்டுப் போ, திட்டமாட்டேன்.

நேரத்துக்குச் சாப்பிடு. தூங்கு.

அக்கா


ஏப்ரல் 15

அண்ணிக்கு வணக்கம்.

அண்ணன் முட்டிவலிக்கு எண்ணெய் அனுப்பியிருந்தேன், வந்து சேர்ந்ததா? எனக்குக் கால் பரவாயில்லை. மனசுதான் சரியில்லை.

அண்ணி, சுற்றி வளைக்காமல் கேட்கிறேன். நீங்கள் உள்ளே போனது அவரை வெளியே கூட்டிக்கொண்டு வரவா, இன்னும் ஆழத்தில் இறக்கவா?

வீட்டுச் சொந்தக்காரர் அந்தத் தையல்காரி அக்காவை மாசக் கடைசிக்குள் காலி பண்ணச் சொல்லிவிட்டார். இந்த மாசத் தொடக்கத்தில் அந்தக்கா கீழே இறங்கி வந்து இவரிடமே பேசினாள். "அண்ணே, நான் ஒரு வாரம் மிஷினையே தொடல. கையாலயே தைக்கிறேன். அப்பவும் சத்தம் கேட்டா என் தப்பில்லன்னு ஒத்துக்குவீங்களா?" என்றாள். இவரும் சரி என்றார். பள்ளிக்கூடம் திறக்கப்போகிற சமயம், தலைக்கு மேல் வேலை. விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்து கையால் தைத்தாள். நான் மேலே போய்ப் பார்த்தேன் அண்ணி, மிஷினுக்கு உறை போட்டு ஓரமாகத் தள்ளி வைத்திருந்தாள். இவருக்குச் சத்தம் கேட்டுக்கொண்டேதான் இருந்தது.

எனக்கே தெரிந்தது, முதல் தடவையாக ஆட்டம் கண்டார். சாப்பிடும்போது, "ஒருவேளை அவ இல்லியோ?" என்று என்னிடம் கேட்டார். எனக்குத் தெய்வமே வந்து நின்ற மாதிரி இருந்தது. அப்புறம் செல்லை எடுத்து, குழுவிலேயே "ஐயா, எனக்குக் குழப்பமாக இருக்கிறது, அவளை விட்டுவிடட்டுமா?" என்று உங்களைக் கேட்டார். ஆமாம், உங்களைத்தான். கொஞ்ச நேரத்தில் உங்கள் பதில் வந்தது. எழுந்து நின்றுகொண்டு எனக்குப் படித்துக் காட்டினார்.

"தம்பி, முதலில் உங்கள் காதைக் கவனியுங்கள்."

"பாத்தியா? யாரு என்ன சொன்னாலும் என் காது சொல்றதைக் கேக்கச் சொல்றார் ஐயா" என்றார். குழுவில் எல்லோரும் இதயம் போட்டார்கள். அதையே எழுதி, பூப்படம் போட்டு, குழுவின் முகப்பில் வைத்துவிட்டார்கள். நாலு நாளாகப் பார்க்கிறேன், நீங்கள் அதற்கு மேல் ஒரு வார்த்தை எழுதவில்லை.

நான் சொன்னால் வேவு பார்த்தாள் என்பார். நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

உங்கள் தம்பி மனைவி


ஏப்ரல் 21

அன்புள்ள தம்பி மனைவிக்கு,

நீ நலமாக இருக்க வேண்டும். என்னைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை.

சத்தியமாகச் சொல்கிறேன், காதுக்கு வைத்தியம் பார்த்துக்கொள் என்ற அர்த்தத்தில்தான் எழுதினேன். டாக்டர் என்று வெளிப்படையாக எழுதினால் தூக்கிவிடுவார்களே என்று பயந்து, பட்டும் படாமலும் 'கவனியுங்கள்' என்று போட்டேன். அவன் அதை இப்படிப் படிப்பான் என்று நினைக்கவில்லை.

இது உண்மை. ஆனால் பாதி உண்மை. அவன் தப்பாகப் புரிந்துகொண்டது அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது. திருத்தி எழுத ஒரு நிமிஷம் ஆகாது. செய்யவில்லை. ஏன் என்று உன்னிடமாவது சொல்லிவிடுகிறேன். அத்தனை இதயங்கள் வந்தன. ஐயா, ஐயா என்று எங்கெங்கிருந்தோ எழுதினார்கள். வீட்டில் நான் வாயைத் திறந்தால் உன் அண்ணன் டிவி சத்தத்தைக் கூட்டுவார். பன்னு என் யோசனையைக் கேட்டு எந்தக் காலத்தில் நடந்திருக்கிறான்? தலையணை சொன்னால் கேட்கிறானே! அந்த ருசி விடவில்லை. நாளைக்குச் சொல்லலாம், இன்னும் கொஞ்சம் நம்பட்டும், அப்புறம் சொன்னால் கேட்பான் என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டே வந்தேன். அவன் பேட்டரி என்று எழுதியதைப் படித்து உள்ளுக்குள் சிரித்தேன். நான் சொல்லிக்கொண்டது மட்டும் என்ன?

அதற்குள் அங்கே ஒருத்தி விரலில் துணி சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

இன்றைக்கே அவனுக்கு எழுதுகிறேன். நீ அவளைக் கொஞ்சம் பிடித்து வை. போகவிடாதே.

அண்ணி


ஏப்ரல் 21

பன்னு,

நலம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை. நேராகச் சொல்லிவிடுகிறேன்.

தலையணை நான்தான்.

ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் யாரும் கிடையாது. உன் அக்காதான் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்துகொண்டு, "தம்பி, தூங்கினீர்களா?" என்று கேட்டாள். மூக்குப்பாட்டு என்று நான் எழுதியது எனக்கு ஏதோ கேட்டதால் இல்லை. எனக்கு ஒன்றும் கேட்பதில்லை. அது நம் வீட்டு வார்த்தை என்று நீ சொன்னது சரி. அதனால்தான் அது அங்கே வந்தது. காதைக் கவனி என்றது, காதைக் காட்டு என்று சொல்லத்தான். நீ அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டாய் என்று தெரிந்தும் பேசாமல் இருந்தேன். உன்னைக் கேலி செய்து அந்தக் குழுவுக்குத் துரத்தியதும் நான், உள்ளே வந்து கதவைச் சாத்தியதும் நான்.

இன்னொன்றும் தோன்றுகிறது. அப்பா மில்லில் தறிகளுக்கு நடுவில் நின்றவர். வாயை மூடிக்கொண்டு ஏன் அப்படி முனகிக்கொண்டே இருந்தார்? அவர் காதுக்குள்ளும் இது இருந்திருக்கும். அதன் மேல் ஒரு பாட்டைப் போர்த்தி மூடியிருக்கிறார். காது பார்ப்பதே தொழிலாக வைத்திருக்கிற நான் அவர் காதை ஒரு நாளும் பார்க்கவில்லை. உன்னையும் செருப்புக் கதை சொல்லித் துரத்தினேன்.

இந்தக் கடிதத்தைத் தபாலில் போட்டுவிட்டு, குழுவிலும் இதையே எழுதப்போகிறேன். நீ என்னைத் திட்டு, பேசாமல் இரு, எது வேண்டுமானாலும் செய். அந்த மனுவை மட்டும் இன்றைக்கே திரும்ப வாங்கு. அவள் காலி பண்ணக் கூடாது.

அக்கா


மே 19

அக்காவுக்கு,

நலம்.

உன் கடிதத்தை நான் நம்பவில்லை. நீ என் மேல் இருக்கிற பாசத்தில் பொய் சொல்கிறாய். உன் தம்பி மனைவி என் செல்லைப் பார்த்து எல்லாவற்றையும் உனக்கு எழுதியிருக்கிறாள். ஐயாவின் கணக்கில் எப்படியோ நுழைந்து, 'நான் ரொட்டிக்காரரின் அக்கா' என்று நீ எழுதியதை எல்லோரும் பார்த்தோம். நிர்வாகி உடனே தூக்கிவிட்டார். வீட்டு மனிதர்கள் இப்படி வேஷம் போட்டு வருவார்கள் என்று குழுவில் முன்பே எச்சரித்திருக்கிறார்கள். சொன்னது அப்படியே நடந்துவிட்டது. உன் கடிதமே அதற்குச் சாட்சி.

ஐயா அப்படிப் பேசுகிறவர் இல்லை. உனக்கு அப்படிப் பேச வரவும் வராது. உன்னை எனக்குத் தெரியாதா?

தையல்காரி போன மாசக் கடைசியிலேயே போய்விட்டாள். மாடி காலி.

இனிமேல் இது பற்றி எழுத வேண்டாம். மாமாவை விசாரித்ததாகச் சொல்.

தம்பி


ஜூன் 2

பன்னுவுக்கு,

எழுத வேண்டாம் என்றாய். இது ஒன்றுதான், அப்புறம் எழுதவில்லை.

என்னிடம் வேறு சாட்சி இல்லை. இருந்தாலும் அது எப்படி முடியும் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அந்தப் பெண் எங்கே போனாள் என்று மட்டும் ஒரு வரி எழுது. நான் போய்ப் பார்க்க வேண்டும்.

அக்கா


ஜூலை 8

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் மாமாவும் நலமாக இருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். உன் தம்பி மனைவி என்னோடு தேவைக்கு மட்டும் பேசுகிறாள். சோறு போடுகிறாள்.

மாடிக்கு இன்னும் யாரும் வரவில்லை. மூக்குப்பாட்டு நிற்கவும் இல்லை. குழுவில் கேட்டேன். வீட்டுக்குள்ளேயே பாருங்கள் என்றார்கள். "உங்கள் மனைவி எங்கே வேலை செய்கிறார்? லாண்டரியா? அங்கே மோட்டார் உண்டே" என்று ஒருவர் எழுதினார். அதற்கு நிறைய இதயம் விழுந்தது. அதோடு விடவில்லை. தலையணை ஐயா ஆரம்பத்திலிருந்தே அனுப்புகிறவர்தானாம், அவருடைய பேச்சிலேயே தெரிந்ததாம். முகப்பில் பூப்படம் போட்டு அவர் சொன்னதை ஒட்டி வைத்தவர்களே சொல்கிறார்கள். அவர் ஒரு நாள் தவறாமல் நான் சாப்பிட்டேனா என்று கேட்டவர் அக்கா.

செல்லைக் கீழே வைத்துவிட்டு, வீட்டுக்காரரிடம் சாவி வாங்கிக்கொண்டு மாடிக்குப் போனேன். வெறும் அறை. ஜன்னலோரம் நீலமும் வெள்ளையுமாக நூல் துண்டுகள். மிஷின் இருந்த இடத்தில் தரையில் நாலு ரப்பர் துண்டு ஒட்டியிருந்தது. பழைய செருப்பை அறுத்து ஒட்டியிருக்கிறாள். வீட்டுக்காரரிடம் கேட்டேன். "நீங்க குடி வந்த அன்னிக்கே வெச்சாப்பா. 'கீழ உள்ளவரு மத்தியானம்தான் தூங்குவாராம், பாவம், சத்தம் இறங்கக் கூடாது'ன்னு" என்றார். என்னிடம் அவள் ஒரு நாளும் அதைச் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை.

அந்த இடத்திலேயே உட்கார்ந்தேன். மூக்குப்பாட்டு கேட்டது. கீழே கேட்கிற அதே அளவு. ஓவன் பக்கத்தில் நிற்கும்போது கேட்கிறதா என்று யோசித்தேன். அங்கே எதுவுமே கேட்காது. இதைக் குழுவில் எழுதவில்லை. என்ன பதில் வரும் என்று எனக்கே தெரியும். அவர்களுக்குப் பதிலாக நானே அதை மனசுக்குள் சொல்லிப் பார்த்துவிட்டேன், அவ்வளவு சுலபமாக வருகிறது.

அவள் எங்கே போனாள் என்று தெரியவில்லை. உன் தம்பி மனைவி கொடுத்த நம்பரில் யாரும் எடுப்பதில்லை. சீருடை வாங்குகிற பள்ளிக்கூடத்தில் போய்க் கேட்டேன். துணி சொன்ன தேதிக்கு வரவில்லை, வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டோம் என்றார்கள். கையால் தைத்தால் எப்படி வரும்? எந்தத் தெருவில் மிஷின் சத்தம் கேட்டாலும் நின்று எட்டிப் பார்க்கிறேன்.

அடுத்த வாரம் லீவு சொல்லியிருக்கிறேன். வருகிறேன். காதைக் காட்டுகிறேன்.

உன் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது, அது போக நாளாகும். என் மேல் இருப்பது போகுமா என்று தெரியவில்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன். அந்த அறையில் என்னை உட்கார வைத்து, ஹெட்ஃபோனை மாட்டிவிட்டு, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து பேசுவேன் என்று எழுதியிருந்தாய். அப்போது நீ அக்காவாகப் பேசாதே.

தலையணை ஐயா மாதிரிப் பேசு.

உன்
பன்னு